வேன் கூரையில் நாலு சோலார் பேனல்: எப்படிச் சேர்ப்பது, ஃபியூஸ் எங்கே வைப்பது?

டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, சீட்டைக் கழற்றிவிட்டு, கட்டிலும் அடுப்பும் வைத்துக் குடும்பத்தோடு ஊர் சுற்றக் கிளம்புகிறவர்களைத் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மாதவரம் பக்கம் இப்போது பார்க்க முடிகிறது. பாடி வேலைக்கும் பெயின்ட் வேலைக்கும் மாதவரத்தில் கைதேர்ந்த ஆட்கள் இருக்கிறார்கள். கூரை மேல் சோலார் என்று வந்தால்தான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வீட்டு வயரிங் பார்ப்பவர் ஒன்று சொல்வார், லாரி எலக்ட்ரீஷியன் வேறு சொல்வார், பேனல் விற்ற கடைக்காரர் இரண்டையும் மறுப்பார். மூவருமே அவரவர் தொழிலில் கெட்டிக்காரர்கள்தான். வேன் கூரையில் மூன்று தொழிலும் ஒன்றாகச் சேர்வதால் வரும் குழப்பம் இது.

ஒரே ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு பேசுவோம். கூரையில் 100 வாட் பேனல் நாலு. உள்ளே 12 வோல்ட், 100 ஆம்ப்-ஹவர் லித்தியம் பேட்டரி, அதாவது இரும்பு பாஸ்பேட் வகை. 1000 வாட் இன்வெர்ட்டர். சின்ன ஃப்ரிட்ஜ், இரண்டு டி.சி ஃபேன், விளக்குகள். கூரையிலிருந்து கன்ட்ரோலர் (பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் நின்று சார்ஜைக் கட்டுப்படுத்தும் கருவி) வரை வயர் 5 மீட்டர். சென்னை வெயிலுக்கு இந்த 400 வாட் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒன்றரை யூனிட் தரும். பேட்டரியை அடியிலிருந்து நிரப்ப அது போதும்.

பேனலின் முதுகில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். கடைக்காரர் சொல்வதைக் கேட்பதற்கு முன் அதைப் படியுங்கள். 100 வாட் பேனலில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: எதையும் இணைக்காதபோது 22 வோல்ட், வேலை செய்யும்போது 18 வோல்ட், ஐந்தரை ஆம்ப், ஷார்ட் ஆனால் 6 ஆம்ப். அடியில் சின்ன எழுத்தில் ‘மேக்சிமம் சீரிஸ் ஃபியூஸ் 15 ஆம்ப்’. இனி வரப்போகும் முடிவுகள் எல்லாம் இந்த எண்களிலிருந்துதான் வருகின்றன.

வழிகள் நாலு. நாலையும் பேரலலாக, அதாவது பிளஸ் எல்லாம் ஒன்றாக, மைனஸ் எல்லாம் ஒன்றாகச் சேர்ப்பது ஒன்று. நாலையும் சீரிஸில், அதாவது ஒன்றின் பிளஸை அடுத்ததன் மைனஸோடு கோர்ப்பது இன்னொன்று. இரண்டிரண்டாகச் சீரிஸில் போட்டு, அந்த இரண்டு ஜோடிகளைப் பேரலலாகச் சேர்ப்பது மூன்றாவது. நாலாவது, சின்னப் பேனல்களையே விட்டுவிட்டு வீட்டு மாடிக்குப் போடும் 540 வாட் பேனல் ஒன்றை ஏற்றிவிடுவது. சென்னை வண்டிக்கு மூன்றாவதுதான் சரி என்பது என் முடிவு. அதற்கு முதல் காரணம் நம்ம ஊர் வெயிலே.

பேனலுக்கு வெளிச்சம் வேண்டும், சூடு ஆகாது. ஸ்டிக்கரில் இருக்கும் எண்கள் 25 டிகிரியில் அளந்தவை. மே மாதம் மத்தியானம், எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் நிற்கும் வண்டியின் கூரையில், தகரத்துக்கு நாலு விரல் மேலே இருக்கும் பேனலின் சூடு 65, 70 டிகிரிக்குப் போய்விடும். ஒவ்வொரு டிகிரிக்கும் வேலை வோல்டேஜ் ஏறக்குறைய 0.4 சதவீதம் இறங்கும். 70 டிகிரியில் 18 வோல்ட் 15-க்கும் சற்றுக் கீழே வந்துவிடுகிறது. லித்தியம் பேட்டரி நிறைய வேண்டுமானால் 14.2 முதல் 14.4 வோல்ட் வேண்டும். நடுவில் வயர் தின்பது போக என்ன மிஞ்சும்?

நாலையும் பேரலலாகப் போட்டவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பேரலலில் வோல்ட் ஏறாது, ஆம்ப் மட்டும் கூடும்: 22 ஆம்ப். 4 ஸ்கொயர் எம்.எம் சோலார் வயர், போக வர 10 மீட்டர் என்றால் ஒரு வோல்ட்டுக்கு மேல் வயரிலேயே போய்விடும். கன்ட்ரோலர் வாசலுக்கு வருவது 13.7 வோல்ட் அளவுதான். காலையில் பேட்டரி காலியாக இருக்கும்போது மின்னோட்டம் நன்றாகவே தெரியும். மத்தியானம் நிறையும் கட்டத்துக்கு வரும்போது இழுபறி ஆகிவிடும். வெயில் கொளுத்துகிறது, பேட்டரி 100 சதவீதம் தொடவே மாட்டேன் என்கிறது என்று வருகிறவர்களின் கூரையைப் பார்த்தால் பெரும்பாலும் இதுதான்.

எம்.பி.பி.டி கன்ட்ரோலர் போட்டால் சரியாகிவிடும் என்று கடையில் சொல்வார்கள். பாதிதான் உண்மை. எம்.பி.பி.டி என்பது கூடுதல் வோல்ட்டைக் குறைத்து, அதை ஆம்பாக மாற்றித் தரும் கருவி. குறைப்பதற்குக் கூடுதலாக ஏதாவது இருந்தால்தான் அதற்கு வேலை. விக்ட்ரான் கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டால், பேட்டரியை விடப் பேனல் பக்கம் 5 வோல்ட் அதிகம் இருந்தால்தான் சார்ஜ் தொடங்கும். தொடங்கியபின் 1 வோல்ட் அதிகம் இருந்தால் போதும். பேட்டரி 13.4-ல் இருந்தால் தொடக்கத்துக்கு 18.4 வேண்டும். சூடேறிய பேனலின் திறந்த வோல்ட்டே (எதையும் இணைக்காதபோது இருப்பது) 19 அளவுதான். மேகம் மூடினாலும், வண்டி ஒரு மேம்பாலத்துக்கு அடியில் நுழைந்து வெளியே வந்தாலும், மறுபடி கிளம்புவதற்குத் திணறும். பேரலலில்தான் போடுவேன் என்றால் எம்.பி.பி.டி-க்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு வீண். வோல்ட்டை மாற்றாமல் பேனலைப் பேட்டரியோடு விட்டு விட்டு இணைக்கும், விலை குறைந்த பி.டபிள்யூ.எம் கன்ட்ரோலரே அங்கே போதும்.

சீரிஸில் நாலையும் கோர்த்தால் வயர் பிரச்சினை ஓடிப்போகும். சீரிஸில் வோல்ட்தான் கூடும், ஓடுவது ஐந்தரை ஆம்ப் மட்டும். வயரில் இழப்பு ஒன்றரை வாட். அதே வயரில் பேரலலுக்கு 25 வாட் போகிறது. சூட்டிலும் 59 வோல்ட் வந்து நிற்கும், எம்.பி.பி.டி சந்தோஷமாக வேலை செய்யும். ஆனால் ஊட்டிக்கு ஜனவரியில் போகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். திறந்த வோல்ட் நாலுக்கும் சேர்த்து 88. சூடு குறையக் குறைய அது ஏறும். விடிகாலை பூஜ்யம் டிகிரிக்கு அருகில், முதல் வெயில் பேனலில் அடிக்கும்போது 95 வோல்ட். 100 வோல்ட் தாங்கும் கன்ட்ரோலருக்கு அது வாசற்படி வரை வந்த வெள்ளம். வோல்ட் மிஞ்சினால் கன்ட்ரோலர் அந்த இடத்திலேயே போய்விடும். அதற்கு வாரன்டியும் கிடைக்காது. இன்னொன்றும் உண்டு. 60 வோல்ட்டைத் தாண்டிய டி.சி ஈரக் கையோடு தொட்டு விளையாடக்கூடிய விஷயம் அல்ல. குழந்தைகள் ஏறி இறங்கும் வண்டியில் எனக்கு அது பிடிக்கவில்லை.

நிழல் விஷயத்திலும் நாலு சீரிஸ் கொஞ்சம் பலவீனம்தான். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் 2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தபின், புது வண்ணாரப்பேட்டைக்கு வடக்கே சாலையின் தலைக்கு மேலே பாலம் ஓடுகிறது. அதன் ஓரத்தில் வண்டியை நிறுத்தினால் கூரையில் பாதி நிழல், பாதி வெயில். சீரிஸில் ஒரு பேனல் நிழலில் மாட்டினால் உள்ளே இருக்கும் பைபாஸ் டயோடு அதைத் தாண்டி மின்சாரத்தை விட்டுவிடும். அந்தப் பேனலின் வோல்ட் மட்டும் போகும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பாதிப் பாதி நிழல் வந்தால் எம்.பி.பி.டி எந்தப் புள்ளியில் நிற்பது என்று தடுமாறித் தவறான இடத்தில் உட்கார்ந்துவிடுவது உண்டு. பேரலலில் இந்தத் தொல்லை இல்லை. அதன் ஒரே பெரிய பலம் இதுதான், அதை மறுக்க மாட்டேன்.

இரண்டிரண்டு ஜோடியாகப் போட்டால் இரண்டு பக்கத்து நல்லதும் கிடைக்கிறது. சூட்டில் 29.5 வோல்ட், 11 ஆம்ப். வயர் இழப்பு 6 வாட். ஊட்டிக் குளிரிலும் 48 வோல்ட்டைத் தாண்டாது. ஜோடி சேர்க்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். வண்டியின் இடது பக்கத்து இரண்டு பேனல் ஒரு ஜோடி, வலது பக்கத்து இரண்டு இன்னொரு ஜோடி. மெட்ரோ தூணோ பக்கத்துக் கன்டெய்னர் லாரியோ மறைத்தால் ஒரு பக்கம்தான் மறையும். அந்த ஜோடி படுத்தாலும் மற்றது முழுசாக ஓடும். முன் இரண்டு, பின் இரண்டு என்று சேர்த்தால் இரு ஜோடிகளும் சேர்ந்து அடிவாங்கும். ஒரு வயரை இங்கிருந்து அங்கே மாற்றும் வேலைதான், செலவே இல்லை.

540 வாட் பெரிய பேனலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாட் கணக்கில் பார்த்தால் சின்னப் பேனலை விட மிகவும் மலிவு. மாடி வீடுகளுக்கு மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் சரக்கு அது. திறந்த வோல்ட் 50 அளவு, ஷார்ட் ஆம்ப் 14-க்குள். ஒரே பேனல், ஒரே ஜோடி வயர், கூரையில் இணைப்பே இல்லை. மின்சாரப் பக்கம் மட்டும் பார்த்தால் இதுதான் முதல் மார்க் வாங்கும். தடுப்பது உடம்புதான்: நீளம் 2.28 மீட்டர், அகலம் 1.13 மீட்டர், எடை 28 கிலோ அளவு. அவ்வளவு பெரிய கண்ணாடி பாறைபோல் அசையாத மாடிக்காகச் செய்தது. மணலி ரோட்டுப் பள்ளத்தில் கூரை முறுக்கும்போது சட்டமும் சேர்ந்து முறுக்கும். நடுவில் காற்றுத் துவாரமோ ஏ.சி பெட்டியோ இருந்தால் இடமும் கிடைக்காது. கூரை வெறுமையாக, கீழே நீளவாக்கில் நல்ல கனமான சேனல் அடித்திருந்தால் தாராளமாகப் போடுங்கள். ஓட்டம் 40 ஆம்ப் வரை வரும், 50 ஆம்ப் கன்ட்ரோலர் வேண்டும். ஆர்.டி.ஓ விஷயம் தனி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் இருப்பதிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. எந்தப் பேனல் போட்டாலும் அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

இனி ஃபியூஸ்.

பேனலில் இருந்து வரும் வயரில் ஃபியூஸ் போட்டால் ஷார்ட் ஆகும்போது எரிந்து காப்பாற்றும் என்பதுதான் எல்லோர் மனதிலும் இருக்கும் எண்ணம். அப்படி நடக்காது. தெருமுனை அடிபம்பை எவ்வளவு வேகமாக அடித்தாலும் அது கொட்டுகிற அளவுக்கு ஓர் எல்லை இருக்கிறது. பேனலும் அப்படித்தான். வேலை செய்யும்போது ஐந்தரை, ஷார்ட் ஆனால் ஆறு. அரை ஆம்ப் கூடுவதற்கு எந்த ஃபியூஸும் எரியாது. ஒற்றைப் பேனலிலும் ஒற்றைச் சீரிஸ் வரிசையிலும் கூரையில் ஃபியூஸ் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று.

பேனல் ஃபியூஸ் எதற்கு என்றால், ஒரு பேனல் பழுதாகும்போது மற்றவை அதற்குள் மின்சாரத்தைத் தள்ளாமல் தடுப்பதற்கு. நாலு பேரலலில் ஒன்று உள்ளே ஷார்ட் ஆனால் மற்ற மூன்றும் சேர்ந்து 18 ஆம்ப்பை அதற்குள் தள்ளும். ஸ்டிக்கரில் போட்டிருக்கும் 15-ஐ அது தாண்டுகிறது; பேனல் தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடாகலாம். அதனால் நாலு பேரலலில் ஒவ்வொரு பேனலுக்கும் தனித்தனி ஃபியூஸ் கட்டாயம். கணக்கு: ஷார்ட் ஆம்ப் 6-ஐப் பாதுகாப்புக்காக 1.56-ஆல் பெருக்கினால் 9.4, அதற்கு அடுத்த அளவு 10 ஆம்ப். இரண்டிரண்டு ஜோடியில் ஒரு ஜோடி பழுதானால் மற்றது தள்ளக்கூடியது 6 ஆம்ப்தான். 15-ஐத் தொடவே தொடாது, எனவே கூரையில் ஃபியூஸ் வேண்டாம். நாலு ஃபியூஸ், நாலு ஹோல்டர், எட்டு இணைப்பு எல்லாம் வெயிலிலும் உப்புக்காற்றிலும் கிடக்காமல் போவதே இந்த வழிக்கு இன்னொரு பெரிய வாக்கு.

உண்மையான ஆபத்து உள்ளே, பேட்டரியில் இருக்கிறது. பேட்டரி முனையில் ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் ஆயிரக்கணக்கில் ஆம்ப் பாயும். கூரையில் நாலு ஃபியூஸ் போட்டுவிட்டு, கன்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்கு வெறும் வயரை இழுத்திருக்கும் வண்டிகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வருகிறது. உள்ளே தூங்குவது பிள்ளைகள்.

பேட்டரி பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் முதல் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் வயரை யாரும் காப்பாற்ற முடியாது. அது குட்டையாக இருப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு. கன்ட்ரோலர் வயருக்கு 10 ஸ்கொயர் எம்.எம், 40 ஆம்ப் ஃபியூஸ்: 30 ஆம்ப் ஓட்டத்துக்குக் கால் பங்கு கூட்டினால் இந்தக் கணக்கு வரும். இன்வெர்ட்டருக்கு 35 ஸ்கொயர் எம்.எம், 125 ஆம்ப்.

எந்த வகை ஃபியூஸ் என்பதும் ஒரு தேர்வுதான். ஃபியூஸின் மேல் இரண்டு எண்கள் இருக்கும். எத்தனை ஆம்ப் வரை எரியாமல் தாங்கும் என்பதை எல்லோரும் பார்க்கிறோம். எத்தனை ஆயிரம் ஆம்ப் வரை பாதுகாப்பாக அறுக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். கார் பிளேடு ஃபியூஸ் ஆயிரம் ஆம்ப் அளவோடு சரி. ஏ.என்.எல் வகை ஆறாயிரம் ஆம்ப் வரை அறுக்கும். கிளாஸ் டி (Class T) வகை இருபதாயிரம். லித்தியம் பேட்டரியின் தலைமை ஃபியூஸுக்குக் கிளாஸ் டி கிடைத்தால் அதுவே நல்லது. அது கைக்கு வராவிட்டால், டி.சி வோல்ட் அச்சிட்டிருக்கும், பெரிய ஷார்ட்டையும் அறுக்கும் நல்ல எச்.ஆர்.சி ஃபியூஸ் ஜார்ஜ் டவுன் எலக்ட்ரிக்கல் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பீங்கான் கிட்காட் ஃபியூஸ் வேண்டவே வேண்டாம். பிளேடு ஃபியூஸ் விளக்கு, ஃபேன் வயருக்கு அருமையானது. ஆனால் அது பெரும்பாலும் 32 வோல்ட்டுக்குத்தான் செய்தது. 44 வோல்ட் வரும் பேனல் ஜோடியில் அதைச் செருகாதீர்கள்.

பேனலைத் துண்டிக்க ஒரு சுவிட்ச் வேண்டும். வீட்டு எம்.சி.பி-யைப் போட்டுவிடலாமா என்று கேட்பார்கள். ஏ.சி மின்சாரம் ஒரு நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடும், எம்.சி.பி திறக்கும்போது எழும் தீப்பொறி அந்தக் கணத்தில் அணைந்துவிடும். டி.சி-யில் பூஜ்யம் வராது. பொறி நின்று எரியும், உள்ளே உருகி ஒட்டிக்கொள்ளும். சோலாருக்கென்று பிளஸ், மைனஸ் இரண்டையும் சேர்த்து அறுக்கும் டபுள் போல் டி.சி எம்.சி.பி, 20 ஆம்ப், கன்ட்ரோலருக்குப் பக்கத்தில் வைத்தால் போதும். சில டி.சி எம்.சி.பி-களில் பிளஸ், மைனஸ் குறி இருக்கும். மின்சாரம் எதிர்த்திசையில் வந்தால் அவை சரியாக அறுக்காது. கன்ட்ரோலர் கெட்டு, பேட்டரி மின்சாரம் பேனல் பக்கம் திரும்பினால் நடப்பது அதுதான். எந்தத் திசையிலும் அறுக்கும் வகையாகக் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவு சொன்னபின் ஒன்றையும் மறைக்கக் கூடாது. வேன்களில் நான் கண்ட கருகல்களில் பெரும்பாலானவை ஷார்ட்டால் வந்தவை அல்ல. லூஸ் கனெக்‌ஷன். திருவொற்றியூர் டோல்கேட் பக்கம் பழுதுக்கு வந்த ஒரு வண்டியில், ஃபியூஸ் ஹோல்டரின் பிளாஸ்டிக் தேன்மெழுகு மாதிரி வழிந்து வயர்மேல் உறைந்திருந்தது. உள்ளே ஃபியூஸ் முழுசாக இருந்தது. வயர் முனையில் மாட்டும் உலோக லக்கை ஸ்க்ரூ டிரைவரால் லேசாகத் தள்ளினால் ஆடியது. ஓட்டம் அளவுக்குள்தான், ஆனால் ஆடுகிற இடத்தில் தடை கூடி, அந்த ஒரு புள்ளி மட்டும் அடுப்பாகிவிட்டது. இதை எந்த ஃபியூஸும் கண்டுபிடிக்காது. லக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்காமல், சரியான டையோடு கிரிம்பிங் டூலில் அழுத்துங்கள். பிறகு பலம்கொண்ட மட்டும் இழுத்துப் பாருங்கள். முழு வெயிலில், முழு ஓட்டத்தில், ஒவ்வொரு இணைப்பையும் புறங்கையால் கிட்டே போய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றை விடச் சுட்டால் அதைப் பிரித்து மறுபடி செய்யுங்கள்.

வயர் தேர்வில் கடல் பேச ஆரம்பிக்கிறது. காசிமேட்டில் படகு வயரிங் பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் சாதாரணச் செம்பு வயரைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தவர், “இன்னா தம்பி, செவப்பு வயரைக் காட்டுற? ஒரு மழைக்காலம் தாண்டாது. வெள்ளை வயரு போடு” என்றார். வெள்ளீயம் பூசிய செம்பைத்தான் சொல்கிறார். கையோடு ஒரு பழைய வயரை எடுத்து, மேல் உறையைப் பிளேடால் கீறிக் காட்டினார். முனையிலிருந்து ஒரு முழம் உள்ளே வரை இழைகள் கருப்பாகி, நகத்தால் உரசினால் பொடியாக உதிர்ந்தன. உப்பு ஈரம் இழைகளுக்கு நடுவே புகுந்து மேலே ஏறியிருக்கிறது. சோலார் டி.சி வயர் என்று விற்பது பெரும்பாலும் வெள்ளீயம் பூசியதே. உறையும் வெயில் தாங்கும். அதையே கூரைக்கு எடுங்கள். இரண்டிரண்டு ஜோடிக்கு 4 ஸ்கொயர் எம்.எம் போதும், பேரலல்தான் என்றால் 6-க்குக் கீழே இறங்காதீர்கள். பேனல் வயர்களை ஒன்றோடொன்று செருகும் எம்.சி.4 கனெக்டர்களில் ஆணும் பெண்ணும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும். வேறு வேறு கம்பெனி செருகினால் பொருந்தியது போலத் தெரியும், உள்ளே தொடுவது பாதிதான். கூரையைத் துளைக்கும் இடத்தில், தண்ணீர் புகாமல் வயரை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்டு போட்டு, அதற்குமுன் வயரைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள். மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

கன்ட்ரோலரையும் ஃபியூஸ் பெட்டியையும் சீட்டுக்கு அடியில் தரையோடு தரையாக வைப்பது வழக்கம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மணலி, எண்ணூர் பக்கம் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கட்டில் மட்டத்துக்கு மேல், காற்றோட்டம் உள்ள இடமாகப் பாருங்கள். கன்ட்ரோலருக்கும் பேட்டரிக்கும் நடுவே ஒரு மீட்டருக்கு மேல் போகாமல் இருந்தால் 30 ஆம்ப் ஓடும் வயரும் குட்டையாக அமையும்.

எல்லாம் முடிந்தபின் இணைக்கும்போது முதலில் பேட்டரியைக் கன்ட்ரோலரில் கொடுங்கள்; அது 12 வோல்ட் என்று கண்டுகொள்ளட்டும். பிறகுதான் பேனல். கழற்றும்போது தலைகீழ்: டி.சி எம்.சி.பி-யைக் கீழே தள்ளிப் பேனலை நிறுத்திவிட்டு, அதன்பின் பேட்டரி. எம்.சி.4-ஐ வெயிலில் ஓட்டத்தோடு பிடுங்காதீர்கள். கூரையில் வேலை பார்க்கிற நேரம் முழுக்க, பேனல்கள் மேல் கனமான தார்ப்பாய் ஒன்றைப் போர்த்தி வையுங்கள்.